முழங்கால் இல்லாத யானை

யானைக்கு முழங்கால் கிடையாது. கீழே விழுந்தால் எழ முடியாது என்பதால் மரத்தில் சாய்ந்துகொண்டுதான் தூங்கும். வேடன் அந்த மரத்தைப் பாதி அறுத்து வைத்துவிட்டு ஒளிந்துகொள்வான். ராத்திரி யானை வந்து சாயும். மரமும் யானையும் சேர்ந்து விழும். அதன் பிளிறல் கேட்டுப் பெரிய யானை ஒன்று ஓடி வந்து தூக்கப் பார்க்கும், முடியாது. பன்னிரண்டு யானைகள் வரும், அவற்றாலும் ஆகாது. கடைசியில் ஒரு குட்டி யானை வந்து துதிக்கையை அடியில் கொடுத்து நிமிர்த்திவிடும்.

12, 13ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் தோல் ஏட்டில் எழுதி, பொன் ஒட்டி, வண்ணம் தீட்டிய விலங்கு நூல்களில் யானையைப் பற்றிய பகுதி ஏறக்குறைய இப்படித்தான் போகும். அந்த நூல்களுக்குப் பெஸ்டியரி என்று பெயர். கோயில் யானை மண்டி போடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது வேடிக்கைதான். ஆனால் மேற்கிலும் இது அப்போதே தெரிந்த சங்கதி. கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில், சிலர் சொல்வதுபோல் இல்லை, யானை காலை மடக்கி உட்காரத்தான் செய்கிறது என்று எழுதிவிட்டார். கதை அசரவில்லை. 1646இல் தாமஸ் பிரவுன் என்ற ஆங்கில மருத்துவர் இதே கதையை மறுபடி முதலிலிருந்து மறுக்க வேண்டியிருந்தது.

இதில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. ஜூலியஸ் சீசர் தன் காலியப் போர்க் குறிப்புகளில், ஜெர்மானியக் காடுகளில் வாழும் எல்க் மானுக்குக் கால் மூட்டு இல்லை, அது மரத்தில் சாய்ந்து தூங்கும், வேடர்கள் அந்த மரத்தின் வேரை அறுத்து வைத்துப் பிடிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். அதே பொறி, அதே மரம், விலங்கு மட்டும் வேறு. யானை மீது ஏன் இது இவ்வளவு காலம் ஒட்டிக்கொண்டது என்பதும் புரியாமல் இல்லை. தூண் போன்ற நேரான கால். நின்றபடியே, சில சமயம் மரத்தில் சாய்ந்தும், உறங்கும் பழக்கம். தொலைவில் நின்று ஒரே ஒரு தடவை பார்த்தவனுக்கு மூட்டு கண்ணில் படாது.

சரி, நேரில் பார்த்தால் படம் மாறியதா? 1255இல் பிரான்ஸ் அரசர் ஒன்பதாம் லூயி, இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றிக்கு ஒரு யானையைப் பரிசாக அனுப்பினார். லண்டன் கோபுரக் கோட்டையில் அதற்கு 40 அடி நீளம், 20 அடி அகலத்தில் கொட்டில் கட்டச் சொல்லி நகர ஷெரீஃப்களுக்கு உத்தரவு போனது. செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவியும் வரலாற்றாசிரியருமான மாத்யூ பாரிஸ் அதைப் பார்த்து வரைந்தார். வயது பத்து, உயரம் பத்தடி என்று குறித்தார். அருகில் பாகனையும் வரைந்து, ஹென்ரிகஸ் டி ஃப்ளோர் என்று பெயரும் எழுதி, இந்த ஆளின் அளவை வைத்து விலங்கின் அளவை ஊகித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி சேர்த்தார். அவர் படத்தில் யானைக்கு முழங்கால் இருக்கிறது, பளிச்சென்று. யானை 1257இல் செத்துப்போனது. பெஸ்டியரியின் வாசகமோ அப்படியே இருந்தது. எழுத்தர்கள் 'மூட்டு இல்லை' என்றே படியெடுத்துக்கொண்டு போனார்கள்.

பெஸ்டியரி படங்களைப் பார்க்கத் தொடங்குபவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல்முனை இதுதான். அந்த ஓவியர்கள் விலங்கை வரையவில்லை, வாக்கியத்தை வரைந்தார்கள். எதிரே ஏட்டில் 'கடிக்கிறது', 'திரும்பிப் பார்க்கிறது', 'குத்திக்கொள்கிறது' என்று என்ன வினைச்சொல் இருக்கிறதோ அதுதான் படம். உடம்பு அந்த வினையைச் செய்வதற்கான ஒரு வாகனம். நாய் உடம்போ மாட்டு உடம்போ, கைக்கு வந்தது போதும்.

வாக்கியங்கள் எங்கிருந்து வந்தன? அடிமூலம் 'பிசியோலோகஸ்' என்ற கிரேக்க நூல். அலெக்சாந்திரியாவில், பெரும்பாலோர் கணிப்பில் கி.பி. 2ஆம் நூற்றாண்டிலிருந்து 4க்குள், எழுதப்பட்டது. ஏறக்குறைய ஐம்பது சிறு அத்தியாயங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு விலங்கின் 'இயல்பு', அதைத் தொடர்ந்து கிறிஸ்தவப் பொருள். அது லத்தீனுக்குப் போனது. பிறகு செவில் நகரத்து ஆயர் இசிடோர் (இறப்பு 636) எழுதிய சொற்பிறப்புக் களஞ்சியத்தின் 12ஆம் பகுதியிலிருந்து விலங்குகளின் பெயர் விளக்கங்கள் வந்து சேர்ந்தன. இசிடோருக்குப் பின்னால் ரோமானிய எழுத்தாளர் சொலினஸும், அவருக்குப் பின்னால் கி.பி. 77இல் 37 பகுதிகளில் இயற்கை வரலாறு எழுதிய பிளினியும் நிற்கிறார்கள். எல்லாம் சேர்ந்து 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் நூல் ஊதி, 100 அத்தியாயங்களைத் தாண்டிவிட்டது. இங்கிலாந்தில் செழித்தவை அந்தப் பெருத்த வகைதான்.

ஓர் அத்தியாயத்தின் அமைப்பு எளிது: படம், பெயர் விளக்கம், இயல்பு, பொருள். மாதிரிக்கு, ஆற்றில் அணை கட்டி வாழும் பீவரை எடுத்துக்கொள்ளலாம். லத்தீனில் அதன் பெயர் காஸ்டோர். காயடிப்பதற்கான லத்தீன் சொல் காஸ்த்ராரே. இரண்டும் காதுக்கு ஒன்றுபோல் ஒலித்துவிட்டது; இசிடோருக்கு அது போதும். பீவரின் விதையில் அரிய மருந்து இருக்கிறது. வேடன் துரத்தும்போது அது தானே கடித்து எறிந்துவிட்டு உயிர் தப்பும். இன்னொரு வேடன் வந்தால் மல்லாந்து காட்டி, 'என்னிடம் ஒன்றும் இல்லை, போ' என்று அனுப்பிவிடும். பொருள்: கற்போடு வாழ விரும்புகிறவன் தன் பாவங்களை வெட்டிச் சாத்தானின் முகத்தில் எறியட்டும்.

மருந்து உண்மைதான். காஸ்டோரியம் என்று அதற்குப் பெயர், மருந்துக் கடைகளில் நூற்றாண்டுக் கணக்கில் விற்றது. ஆனால் அது வருவது வாலடியில் உள்ள இரண்டு பைகளிலிருந்து. ஆண், பெண் இரண்டுக்கும் அவை உண்டு. ஆணின் விதைகள் உடலுக்கு உள்ளே இருப்பதால் வெளியே தெரியாது. வெளியே பார்த்தால் 'இல்லை'. உள்ளே கைவிட்டால் மணமுள்ள இரண்டு உருண்டைகள். இந்த இரண்டு அரைகுறைத் தகவலையும் ஒரு சொல் ஒலிப்பையும் முடிந்தால் கதை தயார். வேல்ஸின் டைஃபி ஆற்றில் பீவர்கள் அணை கட்டுவதை 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் நுணுக்கமாக விவரித்த ஜெரால்ட் என்ற குருவானவரே, அதே இடத்தில் இந்தக் காயடிப்புக் கதையையும் சேர்த்து எழுதியிருக்கிறார். பார்த்ததும் படித்ததும் அவருக்கு ஒன்றோடொன்று மோதவில்லை.

படத்தில் பீவர் பெரும்பாலும் நாய் மாதிரி இருக்கும், தட்டை வால் இருக்காது. அதனால் என்ன? தன் பின்பக்கம் குனிந்து கடித்துக்கொண்டு, பின்னால் கொம்பூதும் வேடனும் இருந்தால் அது பீவர்தான். சந்தேகமே வேண்டாம்.

இப்படி வினையை வைத்து அடையாளம் காணக் கற்றுக்கொண்டால் பெஸ்டியரியில் பாதி கைவந்துவிடும். பறவை தன் மார்பைத் தானே குத்த, குஞ்சுகள் மேல் ரத்தம் சொட்டினால் கூழைக்கடா. அலகு கழுகுபோல் வளைந்திருக்கும், அலகின் கீழ் பையே இருக்காது, ஏமாற வேண்டாம். நோயாளியின் கட்டிலில் வெள்ளைப் பறவை உட்கார்ந்திருந்தால் கலாட்ரியஸ்: அது நோயாளியை நேரே பார்த்தால் பிழைப்பான், முகத்தைத் திருப்பிக்கொண்டால் போய்விடுவான். முதுகில் பழங்களைக் குத்திக்கொண்டு போவது முள்ளெலி. ஒரு பெரிய மீனின் முதுகில் கப்பல் நங்கூரமிட்டு, ஆட்கள் அடுப்பு மூட்டினால் திமிங்கிலம். தீவு என்று நினைத்து இறங்கியவர்கள், சூடு பட்டதும் அது முங்கப்போகிறது. குதிரையில் ஓடும் வேடன் பின்னால் ஓர் உருண்டைக் கண்ணாடி விழுந்து கிடக்க, கோடு போட்ட அல்லது புள்ளி வைத்த விலங்கு அதை முகர்ந்துகொண்டிருந்தால் தாய்ப்புலி: கண்ணாடிக்குள் சின்னதாகத் தெரியும் தன் உருவத்தைக் குட்டி என்று நம்பி நின்றுவிட்டது. குட்டிகளின் மேல் குனிந்து ஊதும் சிங்கம், செத்துப் பிறந்தவற்றுக்கு மூன்றாம் நாள் உயிர் கொடுக்கிறது. இதன் பொருள் மூன்றாம் நாள் உயிர்த்த இயேசு என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

போனகானையும் விடக்கூடாது. மாடு மாதிரி, கொம்புகள் உள்நோக்கிச் சுருண்டு சண்டைக்கு உதவாதவை. துரத்தினால் ஓடிக்கொண்டே சாணத்தைப் பீச்சும். அது மூன்று யூகெரா நிலத்துக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டு ஏக்கருக்குத் தெறித்து, பட்டதையெல்லாம் எரிக்கும். ஓவியர்கள் இந்த அத்தியாயத்தில் மட்டும் தனி உற்சாகம் காட்டுகிறார்கள். துரத்தும் வீரர்கள் கேடயத்தை முகத்துக்கு நேரே பிடித்திருப்பார்கள். ஐரோப்பியக் காட்டெருமையான பைசன் பற்றிய செய்தி வாய்மாறி வாய்மாறி இப்படி ஆகியிருக்கலாம் என்பது பலரின் ஊகம்.

இணையத்தில் 'மத்திய காலப் பைத்தியக்காரப் படங்கள்' என்று சுற்றுபவற்றில் நத்தையோடு சண்டை போடும் வீரர்களும் வில்லெடுத்த முயல்களும் நிறைய வரும். அவை பெஸ்டியரியைச் சேர்ந்தவை அல்ல. திருப்பாடல் நூல்கள் போன்றவற்றின் ஓரங்களில் விளையாட்டாக வரைந்தவை. பெஸ்டியரி ஓவியர் விளையாடவில்லை, சொன்னதைச் செய்தார்.

அதனால்தான் 'இது நிஜ விலங்கு, இது கற்பனை விலங்கு' என்ற நம் பிரிப்பு அங்கே செல்லாது. இங்கிலாந்தின் லிங்கன் நகரையோ ரோச்செஸ்டரையோ சேர்ந்த ஒருவருக்கு முதலையும், கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபினும் ஒரே தரம்: இரண்டையும் பார்த்ததில்லை, இரண்டுக்கும் ஒரே நூல்தான் சாட்சி. இரண்டில் முதலைதான் கூடுதலாக நம்பமுடியாதது. ஹைட்ரஸ் என்ற பாம்பு சேற்றில் புரண்டு வழுவழுப்பாகி, தூங்கும் முதலையின் வாய்க்குள் வழுக்கிப் போய், வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் என்று எழுதியிருக்கும்.

ஒற்றைக்கொம்பன் வந்த வழியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கி.மு. 400ஐ ஒட்டிப் பாரசீக அரசவையில் மருத்துவராக இருந்த க்டேசியஸ் என்ற கிரேக்கர், இந்தியாவுக்கு வராமலேயே இந்தியாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஒற்றைக் கொம்புள்ள காட்டுக்கழுதை ஒன்று வருகிறது. அந்தக் கொம்பில் குடித்தால் நஞ்சு ஏறாது. காண்டாமிருகம்தான் அடியில் இருக்கிறது என்பது பொதுவான முடிவு. அது தனி ஓடை. இன்னொரு ஓடை: எபிரேய வேதத்தில் 'ரெஏம்' என்று ஒரு வலிய விலங்கு, பெரும்பாலும் காட்டெருது. அலெக்சாந்திரியாவில் அதைக் கிரேக்கமாக்கியவர்கள் 'மோனோகெரோஸ்', ஒற்றைக்கொம்பு, என்று போட்டுவிட்டார்கள். வேதத்திலேயே வந்த பிறகு யார் இல்லை என்பது? தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பைப் புரட்டினால் எண்ணாகமம் 23:22இல் அதே விலங்கு 'காண்டாமிருகம்' என்று இருக்கும். ஒற்றைக்கொம்பன் சுற்றி வந்து தன் பிறந்த வீட்டில் இறங்கியிருக்கிறது. பெஸ்டியரியில் அது ஆட்டுக்குட்டி அளவுதான். கன்னிப்பெண் மடியில் தலை வைத்துப் படுக்கும், வேடன் ஈட்டி பாய்ச்சுவான்.

க்டேசியஸின் இன்னொரு ஏற்றுமதி மாண்டிகோர். மனித முகம், மூன்று வரிசைப் பல், சிங்க உடல், தேள் கொடுக்கு வால், குழல்போன்ற குரல். பெயர், 'ஆளைத் தின்பது' என்ற பொருளுள்ள பழம் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. புலிதான் இப்படிப் பயத்தில் பெருகிப்போனது என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே பவுசானியஸ் என்ற பயண எழுத்தாளர் சொல்லிவிட்டார். பெஸ்டியரியில் புலிக்கு ஓர் அத்தியாயம், மாண்டிகோருக்குத் தனியே ஓர் அத்தியாயம்.

இந்தியாவிலிருந்து போனவற்றுள் கிளிதான் சேதாரம் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. இந்தியாவில் மட்டும் பிறக்கும், உடம்பெல்லாம் பச்சை, கழுத்தில் சிவந்த வளையம் என்கிறது நூல். வளையத்துக்கு லத்தீனில் போட்ட சொல் கழுத்தணியைக் குறிப்பது. நாம் செந்தார்ப் பைங்கிளி என்று சொல்வதில் உள்ள 'தார்' அதே கழுத்தணிதான். தொடர்ந்து வரும் செய்முறையைக் கிளி வளர்ப்பவர்கள் தயவுசெய்து கடைப்பிடிக்க வேண்டாம்: இரண்டு வயதுக்குள் சொல்லிக் கொடு, வயதானால் மறந்துவிடும், தலை ரொம்பக் கெட்டி என்பதால் இரும்புக் கம்பியால் தட்டிச் சொல்லிக் கொடு.

பெஸ்டியரியை வெறும் வேடிக்கையாகப் படிப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. பகலில் வெளியே வரும் ஆந்தையைச் சின்னப் பறவைகள் சூழ்ந்து கொத்தும் படம் பல ஏடுகளில் இருக்கிறது. இயற்கையில் அப்படியே நடப்பதுதான். பறவை பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கீழே உள்ள விளக்கம், ஒளியை மறுத்து இருளை விரும்பிய யூதர்களே இந்த ஆந்தை என்று போகும். கழுதைப்புலி அத்தியாயமும் அதே வழிதான். இந்த நூல்கள் எழுதப்பட்ட இங்கிலாந்து, 1290இல் தன் யூதர்கள் அனைவரையும் நாட்டைவிட்டுத் துரத்தியது. படம் அழகாக இருக்கிறது என்பதால் அடுத்த பத்தியைப் படிக்காமல் விடுவது சரியல்ல.

சில ஏடுகளில் மரக்கிளையில் அலகால் தொங்கும் வாத்துகள் இருக்கும். ஆக்ஸ்போர்டில் உள்ள பாட்லி 764 என்ற ஏட்டில் உள்ளது நன்றாக இருக்கும். இவை பார்னக்கிள் வாத்துகள். பிசியோலோகஸிலோ பிளினியிலோ இவை கிடையாது. பீவர் பற்றி எழுதிய அதே ஜெரால்ட், அயர்லாந்தைப் பற்றி 1180களில் எழுதிய நூலிலிருந்து வந்தவை. கடலில் மிதக்கும் பைன் கட்டைகளில் ஓடுகளுக்குள் வளர்ந்து, பிறகு விழுந்து பறக்கும் என்றும், ஒரே கட்டையில் ஆயிரத்துக்கு மேல் தன் கண்ணால் பார்த்ததாகவும் எழுதினார். அவர் பார்த்தது கட்டையில் ஒட்டும் ஒருவகைக் கொட்டலசு. நீண்ட கழுத்தும் இறகுபோல் வெளியே நீளும் கால்களும் உள்ளது. இந்த வாத்துகள் ஆர்க்டிக் பகுதியில் கூடு கட்டுபவை, குளிருக்குத்தான் தெற்கே வரும். முட்டையையோ கூட்டையோ அன்று அங்கே யாரும் பார்த்ததில்லை. அப்படியானால் இது மாமிசமில்லை, நோன்பு நாளில் தின்னலாம் என்று சிலர் தின்றார்கள். 13ஆம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் ஃபிரடெரிக், தன் வல்லூறு வேட்டை நூலை எழுதும்போது வடக்கே ஆள் அனுப்பி அந்தக் கட்டைகளையே வரவழைத்துப் பார்த்தார். ஓட்டுக்குள் பறவை மாதிரி எதுவும் இல்லை. தொலைதூரத்தில் முட்டையிடுவதால்தான் கதை கிளம்பியது என்று எழுதினார். சரியான விடை.

இனி ஏட்டுக்கு வருவோம். அபர்டீன் பெஸ்டியரியை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 1200ஐ ஒட்டியது, 1542இல் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை நூலகப் பட்டியலில் இருந்தது, 1620களில் ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்குப் போனது. சுமார் 30 × 21 செ.மீ., கிட்டத்தட்ட ஏ4 அளவு, 100 ஏடுகளுக்குச் சற்று மேல். கன்றுத்தோல் ஒன்றில் இந்த அளவில் நடுவே மடிக்கும் விரிதாள் இரண்டோ மூன்றோதான் தேறும். ஒரு விரிதாளுக்கு இரண்டு ஏடு. ஆக, சுமார் 18 முதல் 26 தோல் வேண்டும்.

தோலைச் சுண்ணாம்பு நீரில் சில நாள் ஊறவிட்டு மயிரை வழித்து, சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள். ஓரத்தைக் கயிற்றால் கட்டினால் கிழியும். அதனால் ஓரத்தில் கூழாங்கல்லை வைத்துத் தோலால் சுருட்டி, அந்தக் குமிழைச் சுற்றிக் கயிறு போடுவார்கள். பிறைவடிவக் கத்தியால் சுரண்டச் சுரண்ட, கயிற்றை முறுக்கி இறுக்கிக்கொண்டே காயவிட வேண்டும். கூர்முனைக் கத்தி என்றால் மூலை குத்திவிடும். பிறைவடிவத்துக்கு அதுதான் காரணம். சின்ன வெட்டுகூட இழுவையில் வட்ட ஓட்டையாக விரியும். ஓட்டையைச் சுற்றி வளைந்துபோகும் எழுத்து வரிகளைப் பல ஏடுகளில் பார்க்கலாம். மயிர்ப்பக்கம் மஞ்சளாகவும் சதைப்பக்கம் வெளுப்பாகவும் இருக்கும். நான்கு விரிதாளை அடுக்கி மடித்து எட்டு ஏடாக்கும்போது மயிர்ப்பக்கத்துக்கு எதிரே மயிர்ப்பக்கம், சதைக்கு எதிரே சதை வரும்படி வைப்பார்கள். திறந்த இரு பக்கமும் ஒரே நிறமாகத் தெரியும். ஏடு ஒன்று பிற்காலத்தில் கிழிக்கப்பட்டிருந்தால் இந்த ஒழுங்கு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும்.

மைக்கான சரக்கு நம் நாட்டுமருந்துக் கடைக்காரருக்கு நன்றாகத் தெரிந்ததுதான்: மாசிக்காய், அன்னபேதி, வேலம்பிசின். ஓக் மரத்தில் குளவி முட்டையிட்ட இடத்தில் வீங்கும் மாசிக்காயை நொறுக்கி ஊறவைத்து, வடிகட்டிய நீரில் அன்னபேதியைக் கரைத்து, கெட்டிப்படுத்தப் பிசின் சேர்ப்பது. எழுதும்போது வெளிறியிருக்கும், காற்று பட்டுக் கறுக்கும். தோலைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். அன்னபேதி கூடிப்போனால் கடி நிற்காது. நூற்றாண்டுகள் போனபின் எழுத்து இருந்த இடம் எழுத்து வடிவத்திலேயே உதிர்ந்துவிடும்.

எழுத்து முதலில், படத்துக்கு இடம் விட்டு. பிறகு கோட்டோவியம். அதன் பிறகு பொன். வண்ணம் கடைசி. இந்த வரிசை மாறக்கூடாது: பொன் தகடு பசை உள்ள எதிலும் ஒட்டும், வண்ணத்தை முதலில் தீட்டினால் அதன் மேலும் போய் ஒட்டிக்கொள்ளும். மெருகு தேய்க்கும்போது பக்கத்து வண்ணமும் உரிந்து வரும்.

பொன்னுக்கு அடியில் மேடாக ஒரு களிம்பு போட வேண்டும், கெஸ்ஸோ. இன்று இந்தக் கலையைச் செய்பவர்களிடம் புழங்கும் ஒரு விகிதம்: நீரில் பலநாள் கிளறி வீரியம் போக்கிய பாரிஸ் சாந்து (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) 8 பங்கு, ஈய வெள்ளை 3, சர்க்கரை 1, மீன்பசை 1, இடம் கண்ணுக்குத் தெரிவதற்காக ஒரு சிட்டிகை செம்மண். ஈய வெள்ளை நஞ்சு. காய்ந்த பொடியாகக் கையாளவே கூடாது. சர்க்கரையின் வேலை முக்கியம். அந்தக் காலத்தில் தேன். அது காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், காய்ந்த களிம்பு மீது ஒரு குழாய் வழியாக மூச்சை ஊதினால் மேற்பரப்பு லேசாகப் பிசுபிசுக்கும். அந்த நொடியில் தகட்டை வைத்து, மேலே வழவழத் தாள் வைத்து அழுத்த வேண்டும். பிறகு நாய்ப்பல் பதித்த கைப்பிடியாலோ மெருகுக் கல்லாலோ தேய்க்க வேண்டும். சர்க்கரை குறைந்தால் ஏட்டை மடக்கும்போது பொன் வெடிக்கும். கூடினால் நசநசத்து மெருகே ஏறாது. அவசரப்பட்டு ஈரத்தில் தேய்த்தால் பல் கெஸ்ஸோவைப் பிய்த்துக்கொண்டு வரும். பழைய ஏடுகளில் பொன் உதிர்ந்த இடத்தில் தெரியும் வெள்ளையோ இளஞ்சிவப்போ இந்தக் கெஸ்ஸோதான்.

வண்ணங்களைக் குழைக்க முட்டை வெள்ளை. நுரை வர அடித்து ஓர் இரவு வைத்தால் அடியில் தெளிந்து நிற்கும் நீரை எடுப்பது. சிவப்புக்கு ஜாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், பச்சைக்குப் புளிக்காடியில் செம்பைக் கட்டிவைத்து எடுத்த களிம்பு. ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலையிலிருந்து வந்த லாபிஸ் லசூலி, நீலங்களில் விலை கூடியது. இளஞ்சிவப்புக்கான பதிமுகக் கட்டையும் கிழக்கிலிருந்து கப்பலேறியதே; கொல்லம் துறையின் பெயரிலேயே ஒரு ரகம் இத்தாலிய வணிகர்களிடம் விற்றது. அடுத்தடுத்து வைக்கக்கூடாத நிறங்கள் உண்டு. அரிதாரத்தில் கந்தகம் இருக்கிறது. ஈய வெள்ளையையும் செம்புக் களிம்பையும் தொட்டால் கறுத்துவிடும். முகம் மட்டும் கரிபிடித்தாற்போல் இருக்கும் படங்களில் பெரும்பாலும் கறுத்தது ஈய வெள்ளை. செம்புப் பச்சை தோலைத் தின்று மறுபக்கம் தெரியும். ஏட்டைத் திருப்பிப் பார்த்தால் பின்னால் இருக்கும் எழுத்தின் நடுவே பழுப்பாக ஒரு மரத்தின் நிழல் விழுந்திருக்கும்.

படத்தை இன்னொரு நூலுக்கு எடுக்க, கோட்டின் மேல் ஊசியால் வரிசையாகக் குத்தி, அடியில் வெற்று ஏடு வைத்து, கரித்தூள் பொட்டலத்தால் தட்டுவார்கள். புள்ளிகளைச் சேர்த்தால் படம். நம் வீட்டுக் கோலம் போலத்தான். அபர்டீன் பெஸ்டியரியின் சில படங்களில் இந்த ஊசித் துளைகள் இருக்கின்றன. ஆக்ஸ்போர்டில் இருக்கும் ஆஷ்மோல் 1511 என்ற ஏடு அதன் உடன்பிறப்பு. இரண்டையும் இணையத்தில் முழுமையாகப் பார்க்கலாம், பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் பாருங்கள். தப்பும் இப்படித்தான் தலைமுறை தாண்டியது. முதல் ஓவியர் யானைக்குக் குளம்பு போட்டால் அடுத்த மூன்று நூலிலும் குளம்புதான்.

பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் ரோச்செஸ்டர் பெஸ்டியரி, 1230ஐ ஒட்டியது, வேலை எப்படிப் பிசகும் என்பதற்கு நல்ல சாட்சி. சிங்கம் போன்ற விலங்குகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட படங்கள் வரவேண்டும் என்று திட்டமிட்டு, எழுத்தர் அத்தியாயத்துக்குள் பல இடங்களில் இடம் விட்டுப்போனார். ஓவியர் சில ஆண்டு கழித்து வந்தவர், திட்டத்தைச் சரியாகப் பிடிக்கவில்லை. விலங்குக்கு ஒரு படம் என்று நினைத்து முதல் இடத்தில் வரைந்தார். மிச்சமிருந்த இடத்தில் அடுத்த விலங்கை வரைந்தார். படங்கள் எழுத்தை முந்திக்கொண்டு ஓடத் தொடங்கின. ஒரு விலங்கைப் பற்றிப் படிக்கும்போது எதிரே வேறொன்று நிற்கும். நடுவில் எங்கோ புரிந்துகொண்டு முறையை மாற்றினார். என்ன வரைய வேண்டும் என்று பிரெஞ்சில் எழுதிய குறிப்புகள் சில இடங்களில் இன்னும் தெரிகின்றன. 55 படங்கள் முடிந்தன. கடைசிப் பகுதிக்கு அவர் வரவே இல்லை. எழுத்தர் விட்ட இடம் அங்கே இன்றும் வெறும் தோலாக இருக்கிறது.